அதிராத பெட்டி

பூனை செய்த இழுப்பறை மூடும்போது சத்தம் வராது. தச்சுப் பட்டறையில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். அலமாரிக் கதவோ, சமையலறை மேடையோ, அவன் கை பட்டதில் ஒரு முனகல்கூட இருக்காது. ஆடுகிற நாற்காலியைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட முதலில் குனிந்து, நாற்காலிக் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் தட்டைத் தொடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு மானம் போகும்.

அப்பேர்ப்பட்டவன் இரண்டு வாரமாக வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சத்தம் போடுவதற்கென்றே ஒரு பெட்டி செய்திருந்தான்.

முழங்கால் உயரப் பெட்டி. பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட். முகப்பில் அடித்தாளத்தை முழக்குகிற பத்து அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர், முதுகில் ஆம்ப்ளிஃபயருக்கும் பேட்டரிக்கும் தனி அறை, இரண்டு பக்கமும் தூக்கிப் போக இரும்புக் கைப்பிடி. உள்ளே குறுக்குக் கட்டைகள். மூலைக்கு மூலை பசை, பசைக்கு மேல் ஸ்க்ரூ, அதுவும் போதாதென்று சிலிகான். அடியில் நாலு தடித்த ரப்பர் கால்கள். முகப்புக்கு மட்டும் ஏழு கை பாலிஷ் போட்டிருந்தான். குனிந்தால் முகம் தெரியும். விரலை மடக்கித் தட்டினால் பாறையைத் தட்டியதுபோல் ‘டொக்’ என்று ஒரே ஒரு ஒலி, அவ்வளவுதான்.

“பெட்டி அதிரக் கூடாது மாமா. ஸ்பீக்கர்தான் அதிரணும். பெட்டி அதிர்ந்தா அது பெட்டியே இல்ல, தகர டப்பா” என்று பாடம் எடுத்திருந்தான் மச்சான். பூனையின் மனைவிக்குத் தம்பி; கார்களுக்கு மியூசிக் சிஸ்டம் மாட்டுகிற கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கும், வாய் அதற்கும் முன்னால் போய் இடிக்கும். ஆனால் தொழில் தெரிந்தவன். அவன் சொல்லாவிட்டாலும் பூனை அப்படித்தான் செய்திருப்பான். அதிராமல் செய்வது அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தை இல்லை.

மணி பதினொன்று ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பூங்காவில் நடன நிகழ்ச்சி.

காலையில் எழுந்ததும் பூனை பார்த்த முதல் காட்சி, வாசல் கதவோரம் இருந்த வெறும் ஆணி. அதில்தான் நடனக் கூடத்தின் சாவி தொங்கும். இன்றைக்கு அது மனைவியின் கைப்பையில் இருந்தது. கேட்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது, கேட்கவும் தைரியம் வரவில்லை.

அவன் மனைவி நடன டீச்சர். சனிக்கிழமைதோறும் பதினோரு பெண்களுக்குச் சொல்லித் தந்தவள். நர்ஸ் உண்டு, பேருந்து ஓட்டுகிறவள் உண்டு, வங்கியில் வேலை பார்க்கிறவள் உண்டு. எல்லோரும் வீட்டையும் வேலையையும் இரண்டு மணி நேரம் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு ஆட வருகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் இறங்கியது. இறங்கும்போது இரண்டு காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும் பழகிக்கொண்டாள். பாட்டுக்குத்தான் உதடு கிடையாதே.

வகுப்பை இப்போது வங்கிக்காரிதான் நடத்துகிறாள். நல்ல பெண். “டீச்சர், நீங்க சும்மா வந்து உட்காருங்க, அதுவே எங்களுக்குப் போதும்” என்பாள். அந்தச் ‘சும்மா’தான் அவளைக் குத்தியது. இந்த வருட நிகழ்ச்சியில் ஐந்து நிமிட ஆட்டத்தை முன்வரிசையில் நின்று தானே நடத்தப்போவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவனிடம் இன்னொன்றும் சொன்னாள், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்கிற குரலில்.

“ஒரு அடி தப்பினாலும் சாவியை அங்கேயே அவ கையில குடுத்துடுவேன். எல்லாரும் என்னைப் பாவம்னு பார்த்துக்கிட்டே ஆடறது எனக்கு வேண்டாம்.”

நடனக் கூடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்னால் ஆடுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தே ஒத்திகையை ஓட்டிவிட்டாள். பூங்காவில் கண்ணாடி இல்லை. முன்னால் நிற்கிறவளுக்குப் பின்னால் கண்ணும் இல்லை. அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஆறு மாதம் முன்பு மச்சான் ஒரு வாடிக்கையாளரின் காரைச் சோதிக்கும்போது அவள் பின்சீட்டில் இருந்தாள். ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்ததும் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றிக்கொண்டு, “இது மூணாவது தாளத்துல இழுக்கற பாட்டுதானே?” என்று கேட்டாள். மச்சான் காரை நிறுத்திவிட்டு, கண்ணில் தூசி விழுந்ததாக ஊரை ஏமாற்றினான். பூங்கா மேடையில் மின்சாரம் கிடையாது. எனவே பேட்டரியில் ஓடுகிற, இரண்டு பேர் தூக்கிப் போகிற பெட்டியாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது.

“கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்” என்றான் பூனை, அவள் முகத்துக்கு நேராக நின்று. நேற்றும் முன்தினமும் பார்த்ததுதான். இரண்டு நாளும் ஒரு அடி பிசகாமல் ஆடி, “நல்லா தெரியுதுங்க, காலுக்குள்ள வந்து இடிக்குது” என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னொரு நற்சான்றிதழும் கிடைத்திருந்தது. கீழ் வீட்டு வாத்தியார், மேலே ஒரு டம்ளர் உருண்டாலே படியேறி வந்துவிடுகிறவர், பெட்டி முடிந்ததிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை. சுத்தமான வேலை என்றால் இதுதான் என்று பூனை தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

சின்ன ஸ்பீக்கர் ஒன்று ஜன்னல் விளிம்பில் இருந்தது. கூட்டத்துக்குப் பாட்டு கேட்பதற்கு அது. மச்சான் பெட்டியின் பின்னால் குந்தி எதையோ திருகிக்கொண்டிருந்தான். பூனை கைபேசியில் பாட்டை ஓடவிட்டான். தாளம் வந்ததும் வழக்கம்போல் அவன் வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவள் வெறுங்காலோடு எதிரே நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கில் கிளம்பினாள். தோள் திரும்பியது, இடது கால் பின்னே வந்தது, கை மேலே போனது. சொல்லி வைத்ததுபோல் ஒவ்வொன்றும் இடத்தில் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கச் சிரித்தாள். “நேத்தைவிட இன்னைக்கு இன்னும் பலமா தெரியுது.”

பெட்டிக்குப் பின்னாலிருந்து மச்சானின் தலை மெதுவாக மேலே வந்தது. கையில் ஒரு சிவப்பு ஒயர்.

“மாமா,” என்றான், “நான் இன்னும் பேட்டரி கனெக்‌ஷனே கொடுக்கல.”

பூனைக்கு முதலில் புரியவில்லை. சின்ன ஸ்பீக்கரின் பாட்டிலும் அவள் அடிகளிலும் லயித்து, பெட்டி முழங்காததை அவனும் கவனிக்கவில்லை. அவன் ஒயரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கடைசியில் தன் வலது காலைப் பார்த்தான். அவள் மூன்று நாளாக ஆடியது பெட்டிக்கு அல்ல, அவன் காலுக்கு.

மச்சான் பேசியது அவளுக்குப் பக்கவாட்டில் இருந்ததால் அவள் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்களின் முகமும் மாறியதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

“ஒயரைக் கொடு” என்றான் பூனை.  மச்சான் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. பூனை அவள் முன்னால் போய் நின்று, “கண்ணை மூடிக்கோ” என்றான். “ஆரம்பிக்கறப்போ உனக்கே தெரியும். அப்ப கையைத் தூக்கு, போதும்.”

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அவன் பாட்டை ஓடவிட்டான். பெட்டி முழங்கியது. சந்தேகமே இல்லை, அருமையான முழக்கம். ஆழமாக, உருண்டையாக, நெஞ்சில் வந்து உட்காருகிற மாதிரி. காது இருக்கிறவன் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். அவள் நடுக்கூடத்தில் கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை இறுக்கி மூடி நின்றாள். முகம் முழுக்கக் காத்திருப்பு. தாளம் வந்தது, போனது, திரும்ப வந்தது. பாதிப் பாட்டு ஓடியது. பிறகு கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

“ஆரம்பிச்சாச்சா?”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பூனை பாட்டை நிறுத்தினான். அவளுடைய தோளைத் தொட்டபோது அவள் கண்ணைத் திறந்து அவன் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

“ஏன் சொல்லல?” அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, இரண்டும் சேர்ந்து வரும்போது கோபம்தான் முந்திக்கொள்ளும். “மூணு நாளா இடிக்குது இடிக்குதுன்னியே! இன்னும் ஆறு மணி நேரம்கூட இல்ல. மேடையில போயி யாரை ஏமாத்தப் போறே?”

“யாரையும் ஏமாத்தல. உங்களைத்தான் ஏமாத்தினேன்.” அவளுக்கும் குரல் உயர்ந்தது. “ரெண்டு வாரம் விரலெல்லாம் கீறிக்கிட்டு செஞ்சீங்க. ஏழு தடவை பாலிஷ் போட்டுட்டு, எப்படி இருக்குன்னு கேட்டப்போ உங்க முகத்தைக் கண்ணாடியில பார்த்திருக்கணும் நீங்க. அதுகிட்ட போயி ஒண்ணுமே தெரியலைன்னு எந்த வாயால சொல்றது?”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான். நீங்க எதுத்தாப்புல நின்னு காலைத் தட்டினா போதும், நான் ஒப்பேத்திடுவேன்.”

“ஒப்பேத்தறதா? திரும்பற இடத்துல என் காலு எங்கே தெரியும் உனக்கு? மூணு தடவை முதுகைக் காட்டணும் நீ!”

 வீட்டுக் கூடத்தில் அவள் அவனுக்கு எதிரே நின்று, திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சமாளித்திருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. உடைந்த தாழியைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள்.

“வால்யூமை ஏத்திப் பார்ப்போமா மாமா?” என்றான் மச்சான். ஏற்றிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பி நடுங்கியது. அவள் தலையை ஆட்டினாள். “இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் போயிடும். இவ்வளவு கத்தியும் செவிடன் காதுல...” என்று ஆரம்பித்த மச்சான் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பழமொழியை அந்த வீட்டில் இரண்டு வருடமாக யாரும் சொல்வதில்லை. அவள் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “சொல்லி முடிடா, ஊதின சங்கு. எனக்குத் தெரியாத பழமொழியா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பூனை பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கே தப்பு? அளவு சரி. இணைப்பு சரி. ஒரு மயிரிழை இடுக்கில்லை. குற்றம் சொல்ல ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. குற்றமே இல்லாத வேலை ஏன் தோற்கிறது என்று அவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை. அப்படி ஒன்று அவன் தொழிலில் நடந்ததே இல்லை.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, பாட்டைப் போடச் சொல்லிக் கண் காட்டினாள். 

“உங்க இழுப்பறை மாதிரியே இருக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியே ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது” என்றாள். பிறகு, நினைவு வந்தவளாக: “ஆனா நீங்க பலகை அறுத்தீங்களே, அப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.”

“எப்ப?”

“போன வாரம். கட்டில் பலகையை ஸ்டூல் மேல போட்டு, அதுமேல வச்சு மெஷின்ல அறுத்தீங்கல்ல? பலகையோட அந்தக் கோடியில உட்கார்ந்துதான் நான் பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன். பல்லு வரைக்கும் வந்துச்சு. செய்யும்போது தெரிஞ்சுதுங்க. செஞ்சு முடிச்ச பிறகுதான் ஒண்ணும் தெரியல.”

பூனை எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். கீழ் வீட்டு வாத்தியார் ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. ரப்பர் கால். குறுக்குக் கட்டை. பாறை மாதிரி நிற்கிற சுவர்கள். ஸ்பீக்கரின் உதறலில் ஒரு பொட்டுகூட வெளியே கசியாமல் அவனே சுற்றிச் சுற்றி அடைத்து வைத்திருக்கிறான். காது கேட்கிறவர்களுக்கு உலகத்திலேயே நல்ல பெட்டியைச் செய்து, காது கேட்காதவள் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவன் செய்த தப்பு எதுவென்றால், தப்பில்லாமல் செய்ததுதான்.

“பெட்டியைக் கவுத்துடா” என்றான்.

“மாமா?”

“முகம் கீழே போகட்டும். ஸ்பீக்கர் முன்னாடி பார்த்து உதைச்சா காத்தைத்தான் உதைக்கும். கீழே பார்த்து உதைச்சா பலகையை உதைக்கும். ரப்பரை எடு. கெட்டிக் கட்டையில நாலு கால் வைப்போம். உதறுறதெல்லாம் நேரா தரைக்கு இறங்கட்டும்.”

“ரப்பர் இல்லாம கவுத்து வச்சா நடுங்கும் மாமா, கடகடங்கும். எங்க கடையில இந்த மாதிரி ஒண்ணை வச்சா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“இது உங்க கடை இல்ல.”

பன்னிரண்டே கால். பழைய கதவு நிலையிலிருந்து மிச்சமிருந்த ஒரு துண்டு மரம் பரணில் இருந்தது. ஆணி இறங்க அழும் மரம். அதில் இரண்டரை அங்குலத்துக்கு நாலு கட்டை அறுத்தான். ஏழு கை பாலிஷ் போட்ட முகப்பில், நாலு மூலையிலும் ட்ரில்லை வைக்க வேண்டியிருந்தது. முதல் துளைக்கு அவன் கை ஒரு நிமிடம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பல்லைக் கடித்து அழுத்தினான். பளபளப்பில் வெள்ளையாகச் சிராய் தெறித்தது. மற்ற மூன்றும் சுலபமாகப் போயின.

பிறகு உள்ளே கைவிட்டான். ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் ஓட்டை வழியாக உளியை நுழைத்து, தான் பசை வைத்து இறுக்கியிருந்த குறுக்குக் கட்டைகளில் நடுக்கட்டையைப் பெயர்த்தான். சாதாரணமாகப் பெயரவில்லை. அவனுடைய வேலை ஆயிற்றே, அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்குமா? ஐந்து நிமிடம் தட்டித் தட்டி, மணிக்கட்டில் ரத்தம் வந்த பிறகுதான் ‘பட்’டென்று கழன்று கைக்கு வந்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்தான். ‘டொக்’ போய், ‘தொம்’ என்றது. அந்தச் சத்தம் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு மணிக்குக் கட்டில் பலகையைத் தரையில், நாலு கட்டைத் துண்டுகளின் மேல் பரப்பினார்கள். ஒரு கோடியில் பெட்டி, முகம் குப்புற. மறு கோடியில் அவள், வெறுங்காலோடு. இந்தத் தடவை அவளே கண்ணை மூடிக்கொண்டாள். பூனை தன் வலது காலின் மேல் இடது காலை ஏற்றி வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டான்.

பெட்டி உறுமியது. கூடவே கடகடவென்று ஒரு உதறல், பாத்திரக்கடை வண்டி பள்ளத்தில் இறங்கியதுபோல். பூனைக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவன் பார்வை அவள் பாதத்தில் இருந்தது. முதலில் கட்டை விரல் மட்டும் லேசாக மேலே எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது, சரியான இடத்தில். பிறகு குதிகால். அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு எண்ண ஆரம்பித்தது: ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் கிளம்பினாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், திரும்பிய இடத்திலும் தாளம் காலடியிலேயே இருந்தது.

கதவு இடிபட்டது. கீழ் வீட்டு வாத்தியார் பனியனோடு நின்றார். “மேல என்ன, கட்டடத்தையே பிரிக்கிறீங்களா? என் ஃபேன் ஆடுது!”

பூனை அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “ஆடுதா சார்? நிஜமாவே ஆடுதா? ரொம்ப நன்றி சார்.”

வாத்தியார் அவன் கையிலிருந்த ரத்தத்தையும் கண்ணிலிருந்த தண்ணீரையும் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நாலரைக்குப் பூங்காவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேடை மரப்பலகை மேடைதான். பூனை போன வாரமே வந்து முட்டி போட்டுத் தட்டிப் பார்த்து வைத்திருந்தான். மச்சானும் அவனுமாகப் பெட்டியை மேடையின் பின்மூலையில் கவிழ்த்து வைத்தார்கள். மைக் செட்காரர் தன் பேட்டரிப் பெட்டிகளோடு மேடைக்குப் பக்கத்தில் இருந்தார். சட்டைப் பையில் நாலு பேனா, நறுக்கென்று வாரிய தலை. தன் ஒயர்களைச் சடை பின்னியதுபோல் அடுக்கி வைத்திருந்தார். சோதனைக்கு ஒரு தடவை பாட்டை விட்டதும் அவர் முகம் சுளித்தது.

“என்ன சார் இது, தகர டப்பா மாதிரி உதறுது? யார் செஞ்சது?”

பட்டறையில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் பூனை ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டான். “நான்தான்” என்றான். “அது அப்படித்தான் இருக்கணும்.”

மைக் செட்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நல்ல வேலைக்காரன் ஒரு மட்டமான வேலைக்காரனைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை எத்தனையோ பேர்மேல் பூனையே வீசியிருக்கிறான்.

கூட்டத்தில் முதல் வரிசைக்கு முன்னால், மேடைக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டான். அவள் கேட்டுக்கொண்டதுதான். “தப்பித்தவறி ஒண்ணும் தெரியலைன்னா உங்க காலைப் பார்ப்பேன்” என்றிருந்தாள். மச்சான் படம் எடுக்கக் கூட்டத்தின் பின்னால் போய்விட்டான். பதினோரு பெண்களும் மேடையேறினார்கள். அவளுக்குப் பின்னால் வங்கிக்காரி நின்றாள். மேடை ஓரத்து நாற்காலியில் மனைவியின் கைப்பை இருந்தது.

பாட்டு தொடங்கியது.

தாளம் வந்தது. அவள் அசையவில்லை. ஒரு சுற்று போயிற்று. அவள் பார்வை அலைந்து வந்து அவன் காலில் நின்றது. பூனை காலைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் கிளம்பினாள். பின்னால் பதினோரு பேரும் கிளம்பினார்கள். கூட்டம் கை தட்டியது.

கைபேசி சரி, ஒயர் சரி, பச்சை விளக்கும் எரிகிறது. பிறகென்ன? அப்போதுதான் கேட்டான்: பெட்டியின் கடகடப்பு இல்லை. அழகாக, உருண்டையாக, சுத்தமாக முழங்குகிறது. பெட்டியின் கால்களுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சு விரிப்பு, இரண்டு விரல் கனம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மைக் செட்காரர் அவனைப் பார்த்து, நான் சரிசெய்துவிட்டேன், கவலை வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். ஆடுகிற நாற்காலிக்கு அட்டை செருகிய முகம். பூனைக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

முதல் திருப்பத்துக்கு இன்னும் பன்னிரண்டு தாளம் இருந்தது. திரும்பினால் அவளுக்கு அவன் கால் தெரியாது. ஓடிப் போய் ஸ்பாஞ்சை உருவலாம். ஆனால் அவன் கால்தான் இப்போது அவளுடைய பாட்டு. அதை எடுத்தால் அந்தக் கணமே பாட்டு நிற்கும். பத்து. ஒன்பது. அவள் கண் அவன் காலை விட்டு நகரவில்லை. நின்றாலும் போச்சு, ஓடினாலும் போச்சு. எட்டு. ஏழு.

பூனை ஓடினான்.

பக்கவாட்டுப் படியில் இரண்டிரண்டாகத் தாவினான். அவளுடைய வலது கை மேலே போய் அப்படியே நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தான். பின்னால் வங்கிக்காரியும் தடுமாறினாள். யாரோ ‘ஐயோ’ என்றார்கள். “சார், சார், அதிரும் சார்!” என்று மைக் செட்காரர் கையை நீட்டினார்.

“அதிரட்டும் விடுங்க!”

ஒரு கையால் பெட்டியைத் தூக்கி, மறு கையால் ஸ்பாஞ்சை உருவி எறிந்தான். பெட்டி தடாலென்று பலகையில் இறங்கியது. மேடை முழுக்க உதறல் ஓடியது. கடகடகடவென்று அந்த அசிங்கமான சத்தம் திரும்பி வந்தது. பூனை முழங்காலிட்டபடியே அவள் பாதத்தைப் பார்த்தான்.

கட்டை விரல் எழுந்தது.

நின்ற கை இறங்கி அடுத்த அடியைப் பிடித்தது. அவள் திரும்பினாள், தாளத்தோடு திரும்பினாள். பின்னால் இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பூனை இறங்கிப் பழைய இடத்துக்கு ஓடினான். பயம் விடவில்லை, நின்றதும் காலைத் தட்ட ஆரம்பித்தான். மூச்சிரைப்பில் தட்டு முன்னே பின்னே விழுந்தது. அவள் அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். ஆடியபடியே உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். இரண்டு வருடமாக அவன் உதட்டை அவள் படித்தாள். இன்றைக்கு அவன் படித்தான்.

‘காலை நிறுத்துங்க.’

அவன் ஒரு காலின் மேல் மற்ற காலை ஏற்றி அழுத்திக்கொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடினாள்.

கைத்தட்டல் ஓய்ந்து, பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து முடித்த பிறகு, அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கூடவே வங்கிக்காரியும் வந்தாள். மனைவி பையைத் திறந்து சாவியை எடுத்தபோது பூனைக்கு உயிரே போயிற்று.

“ரெண்டு அடி விட்டேன்” என்றாள்.

“அது நான் காலை எடுத்ததால...” அவன் அவள் முகத்துக்கு நேரே வந்தான். “இல்ல, கேளு, அது உன்னால இல்ல...”

“தெரியும். அந்த ரெண்டு அடி உங்க காலோடது. என் கால் எங்கேயும் தப்பல.” சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். “வீட்டுக்குப் போனதும் ஆணியில மாட்டுங்க. சனிக்கிழமை காலையில நான்தான் திறக்கணும்.” வங்கிக்காரி தலையைத் தலையை ஆட்டினாள்.

மேடையில் மச்சானும் மைக் செட்காரரும் பெட்டியின் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, ஏதோ வாக்குவாதம் செய்தபடி தூக்கிக்கொண்டிருந்தார்கள். தடாலென்று இறங்கியதில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த பெட்டி மூலைக்குப் பூனையின் பார்வை போனதை அவள் கவனித்துவிட்டாள்.

“அந்த ஆட்டத்தை மட்டும் சரி பண்ணிடாதீங்க” என்றாள். “உங்களுக்குக் கை அரிக்கும்னு எனக்குத் தெரியும்.”